முடியல

தாலித் தட்டு மணவறையை விட்டு இறங்கிவிட்டது. தேங்காயைச் சுற்றி மஞ்சள் கயிறு, கயிற்றில் தாலி, சுற்றிலும் அட்சதையும் உதிரிப்பூவும். பெண்ணின் பெரியம்மா அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முதல் வரிசையில் ஆரம்பித்தாள். பெரியவர்கள் ஒவ்வொருவராகத் தொட்டுக் கும்பிட, தட்டு மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப மேலே வரும். வந்ததும் கெட்டிமேளம். கதிரேசன் முதல் முடிச்சைப் போடுவான். மற்ற இரண்டையும் மாப்பிள்ளையின் அக்கா போடவேண்டும். அந்த அக்கா செண்பகவல்லி பெண்ணுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கைகளைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்து, விரல்களை மடக்குவதும் நீட்டுவதுமாக இருந்தாள். கட்டைவிரலில் உணர்ச்சி இல்லை. ஆள்காட்டி விரலிலும் இல்லை. நேற்று இருந்தது. நேற்று முழுக்கச் சொன்னபடி கேட்ட விரல்கள், இன்றைக்குப் பார்த்து யாருடையதோ போல மரத்துக் கிடக்கின்றன. தட்டு மெதுவாகப் போகட்டும். அந்த நீலச்சட்டைப் பெரியவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு கும்பிடட்டும். யாருக்கும் ஒரு அவசரமும் வேண்டாம். ஆனால் பெரியம்மா சுறுசுறுப்பான மனுஷி, அடுத்த வரிசைக்கே போய்விட்டாள். காலையில் செண்பகவல்லிக்குக் காபி கொண்டுவந்து கொடுத்ததும் அவள்தான். “ஏம்மா, எங்க வீட்டுக் காபி ஆகாதோ?” என்று சிரித்துக்கொண்டே ஒரு குத்தும் வைத்தாள். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டிருக்கிறேன், ஒரு மணி நேரத்துக்கு ஒன்றும் சாப்பிடக்கூடாது என்று சொல்லியிருந்தால் ஒரு வாக்கியத்தோடு போயிருக்கும். சொல்லக்கூடாது. அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாள். வாயில் வந்த பொய்யைச் சொன்னாள், “விரதம் பெரியம்மா. தாலி கட்டி முடியட்டும்.” அது மண்டபம் முழுக்கப் பரவிவிட்டது. தம்பி மேல் உயிரையே வைத்திருக்கிறாளாம், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லையாம். தைராய்டு மாத்திரைக்கு இப்படி ஒரு மரியாதை இதுவரை கிடைத்ததில்லை. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காபி குடிக்கவேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

குளிர்ந்தது. வைகாசி மாதம், விடிந்ததுமே மண்டபம் வெந்துகொண்டிருக்கிறது, பத்திரிகையையே விசிறியாக்கி எல்லாரும் விசிறிக்கொண்டிருக்கிறார்கள், ஓமத்துக்கு முன்னால் கதிரேசனின் முதுகில் வியர்வை வழிந்து பூணூலை நனைத்துக்கொண்டிருக்கிறது, இவளுக்கு மட்டும் பாதத்திலிருந்து குளிர் ஏறுகிறது. பட்டுச்சேலைக்குள் ஒரு பனியன் போட்டிருக்கிறாள் என்பது அவள் கணவன் சங்கரபாண்டியனுக்குக்கூடத் தெரியாது. தெரிந்தால் என்ன சொல்வான் என்பது தெரியும். “எல்லாம் மனசுதான்டி. மனசத் திடமா வச்சுக்கோ.” கெட்டவன் இல்லை. முதல் வருஷம் கூடவே டாக்டரிடம் வந்தான், வெந்நீர் வைத்துக் கொடுத்தான், இட்லிக்கு அவனே மாவு ஆட்டினான். ஒரு வருஷத்துக்குத்தான் நோய்க்கு மரியாதை. அதற்குப் பிறகும் நோயாளி நோயாளியாகவே இருந்தால் சுற்றி இருப்பவர்களுக்கு அலுத்துப்போகிறது, அவர்களைக் குற்றம் சொல்லமுடியாது, இவளுக்கே இவளை அலுத்துவிட்டதே. காலையில் கண் விழித்ததும் முதலில் வருவது பயம். இன்றைக்கு எழுந்திருக்க முடியுமா? முடிந்தால் எதுவரை? குளியலறை வரையா, அடுப்படி வரையா, பள்ளிக்கூடம் வரையா? மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு, கரும்பலகையில் பாதி எழுதிய சொல்லின் மறுபாதி என்ன என்று தெரியாமல் நின்றிருக்கிறாள். போன மாதம் ஒரு பிள்ளையின் பெயர் வரவில்லை. தினம் பார்க்கிற முகம், உதட்டுக்கு மேல் மச்சம், பெயர் மட்டும் இல்லை. அந்தப் பிள்ளை, “நான்தான் டீச்சர்” என்று சொல்லிக்கொண்டு எழுந்து நின்றது. அந்த ‘நான்தான் டீச்சர்’ இன்னும் காதில் இருக்கிறது. தட்டு எங்கே? மூன்றாவது வரிசை. அங்கே ஒரு கைக்குழந்தை தாலியைப் பிடித்து இழுத்து, எல்லாரும் சிரிக்கிறார்கள். இழு ராசா, விடாதே, நல்லாப் பிடித்துக்கொள் என்று இவள் மனசுக்குள் அந்தக் குழந்தையைக் கெஞ்சினாள்.

டாக்டர் நல்லவர். படம் போட்டு விளக்கினார். “உங்க உடம்பே உங்க தைராய்ட வேத்தாள்னு நெனச்சு அடிக்குதும்மா. ஏன் அடிக்குதுன்னு கேட்டா பதில் கிடையாது. மாத்திரையை மட்டும் விட்டுறாதீங்க.” அவள் விடவில்லை. ஒருநாள்கூட விடவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கிறாள், ரிப்போர்ட்டைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் முகம் மலர்ந்து நார்மல் என்கிறார்கள். நார்மல். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு வெறி வரும் பாருங்கள், மேஜையைக் கவிழ்த்துவிடலாம் போலிருக்கும். ரத்தம் நார்மல் என்றால் வீங்கின முகம் யாருடையது? பாதி உதிர்ந்துபோன புருவம்? நடுவழியில் கரகரத்து நின்றுபோகிற குரல்? “சில பேருக்கு ரிப்போர்ட் சரியானாலும் தொந்தரவு போறதில்லம்மா” என்று டாக்டரே ஒருமுறை தணிந்த குரலில் சொன்னார். சில பேர். அந்தச் சில பேர் எங்கே இருக்கிறார்கள்? ஒருத்தியையாவது பார்த்துவிட்டால் போதும், பேசக்கூட வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். கைக்கும் அவர்தான் சொன்னார், மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது, தைராய்டோடு வருவதுதான், ராத்திரி கை மடங்காமல் இருக்க மணிக்கட்டுப் பட்டை போட்டுக்கொண்டு தூங்குங்கள் என்று. பட்டை போட்டுக்கொண்டு படுத்ததை அம்மா பார்த்துவிட்டு அன்றைக்குத்தான் சத்தியம் வாங்கினாள். “ஏட்டி, பொண்ணு வீட்டுக்குத் தெரியவேண்டாம். பரம்பரையா வார நோயாம்லா, கதிருக்கும் இருக்குமோன்னு கேப்பாங்க. கல்யாணம் முடியிற வரைக்கும் வாயத் தொறக்காத.” அம்மா தாலியைத் தொடமாட்டாள். அப்பா போன பிறகு எந்தக் கல்யாணத்திலும் அவள் மணவறைப் பக்கமே வருவதில்லை, யார் கூப்பிட்டாலும் வருவதில்லை. இப்போதும் தூணுக்குப் பின்னால்தான் நிற்கிறாள். அங்கிருந்து செண்பகவல்லியின் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வேறு யாராவது முடிச்சுப் போடட்டுமே என்று நேற்றுக் கேட்டதற்கு, “கூடப்பிறந்தவ குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது வேற ஒருத்தி போட்டா ஊரு என்ன சொல்லும்? அக்காளுக்கும் தம்பிக்கும் ஆகலன்னு சொல்லும்” என்றாள். சொல்லும்தான். அம்மா சொல்வதில் தப்பே இல்லை. அதுதான் கஷ்டம், யார் சொல்வதிலும் தப்பே இல்லை.

கை. இந்தக் கையா அது? சின்ன வயசில் தெருவில் அவளை மிஞ்சிப் பூக் கட்ட ஆள் கிடையாது. பிச்சிப்பூவைப் பேசிக்கொண்டே, பார்க்காமலே கட்டுவாள், விரல்களுக்குக் கண் இருக்கும். கதிரேசனுக்குப் பள்ளிக்கூடத்து ஷூவுக்குக் கயிறு கட்டிவிட்டதும் அவள்தான். பதினோரு வயசு வித்தியாசம், அப்பா இல்லை, அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு இருட்டோடு போய்விடுவாள், இவள்தான் அவனைக் குளிப்பாட்டித் தலை சீவி ஷூ மாட்டி அனுப்பவேண்டும். குனிந்து கட்டும்போது அவன் இவள் தலைமுடியைப் பிடித்துக்கொள்வான், விழாமல் இருக்க. அடர்த்தியான முடி, ஒரு கையால் பிடிக்கமுடியாது. இப்போது சடைக்குள் சவுரி இருக்கிறது, சவுரி தெரியாமல் இருக்கப் பூ இருக்கிறது, பூ நழுவாமல் இருக்க எத்தனை ஊசி என்று கேட்காதீர்கள். குளித்துவிட்டு வந்தால் சாக்கடை வாயில் உருண்டை உருண்டையாக முடி. அதை எடுத்துக் கடுதாசியில் மடித்துக் குப்பையில் போடும்போது ஒருநாள் உட்கார்ந்து அழுதாள். முடிக்காக அழுதாளா, வேறு எதற்காகவோ அழுதாளா தெரியாது. ஒரே சொல் பல பொருள் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவாள், திங்கள், மாலை, ஆறு, முடி. முடி என்றால் தலையில் இருப்பது. முடி என்றால் ராஜா வைத்துக்கொள்வது. முடி என்றால் கட்டு, பூவை முடி, கூந்தலை முடி. முடி என்றால் வேலையைச் செய்து தீர். பிள்ளைகள் கோரஸாகத் திருப்பிச் சொல்லும். சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவளுக்குத் தலை சுற்றும், ஒரே சொல்லில் இவளுக்கு இல்லாத அத்தனையும் இருக்கிறதே என்று. முடி இல்லை. முடிச்சுப் போட வரவில்லை. எடுத்த வேலை முடிவதில்லை. இந்த நோய்க்கு முடிவு இல்லை, சாகிறவரை மாத்திரை, சாகவும் விடாத மாத்திரை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வார்த்தைதான் இருக்கிறது, முடியல. தட்டு நடுமண்டபத்தைத் தாண்டிவிட்டது.

முடியல. அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு வார்த்தைதான், அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். முன்னெல்லாம் ஒருத்தி முடியல என்றால் பக்கத்தில் இருப்பவர்கள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். இப்போது அது சிரிப்பதற்கான வார்த்தை. பள்ளிக்கூடத்தில் சக டீச்சர் நெட் வேலை செய்யவில்லை என்றால் முடியல என்கிறாள், டிவியில் முடியல என்றதும் சுற்றி இருப்பவர்கள் கை தட்டுகிறார்கள், மூன்றாம் வகுப்புக் குட்டிகள்கூட வீட்டுப்பாடம் கொடுத்தால் தலையில் கை வைத்துக்கொண்டு முடியல டீச்சர் என்கின்றன. கதிரேசன் பெங்களூரிலிருந்து அனுப்புகிற எல்லாச் செய்தியும் அதுதான். மேனேஜர் முடியல. டிராபிக் முடியல. ஹாஸ்டல் சாம்பார் முடியலக்கா, கூடவே கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மை முகம். போன தீபாவளிக்கு முந்தி ஒருநாள், பள்ளிக்கூடத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. போனை எடுத்து, கதிரு, எனக்கு முடியலடா என்று எழுதினாள். எழுதி அனுப்புவதற்கே எவ்வளவு நேரம் ஆயிற்று, விரல் வேறு எழுத்தில் வேறு எழுத்தில் போய் விழுந்தது. உடனே பதில் வந்தது. சிரிக்கிற முகம் மூன்று. கீழே, என்னக்கா நீயும் எங்க செட்டுல சேந்துட்ட. அவன் மேல் கோபம் வரவில்லை. அவன் படிக்கவேண்டிய மாதிரிதான் படித்தான். படியிலேயே உட்கார்ந்திருந்தாள், இருட்டிய பிறகு சங்கரபாண்டியன் வந்து, “விளக்குப் போடாம என்ன பண்ணுத?” என்றான். “சும்மா உக்காந்திருக்கேன்” என்றாள்.

தட்டு கடைசி வரிசையில் திரும்பிவிட்டது. இனி வருவதுதான். முடிச்சு அவிழ்ந்து தாலி பெண்ணின் மடியில் விழுகிறதை மனசுக்குள் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை, திரும்பத் திரும்ப விழுந்தது, அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள், பெண்ணின் பெரியம்மா நெஞ்சில் கை வைத்தாள், நாளைக்கு அந்தப் பெண்ணுக்குத் தலை வலித்தாலும், பிள்ளை பிறக்கத் தாமதமானாலும், கதிரேசன் வண்டியிலிருந்து விழுந்தாலும், எல்லாரும் இந்தக் கையைத்தான் நினைப்பார்கள். ஒரு வாரமாக ஜன்னல் கம்பியில் மஞ்சள் கயிற்றைப் போட்டுப் பழகியிருக்கிறாள். ஒரு சுற்று, நுனியை உள்ளே விடு, இழு. ஒருநாள் வரும், ஒருநாள் வராது. வராத நாளில் கண்ணால் பார்த்துப் பார்த்துச் செய்தால் கொஞ்சம் வரும். ஆனால் இங்கே பார்க்கமுடியாது. கல்யாணப்பெண் சுபாஷினியின் பின்கழுத்தில் மாலை, சடை, அடுக்கடுக்காக மல்லிகை. இருபத்தைந்து வயசுப் பெண்ணின் முடி, என்ன கனம். செண்பகவல்லி அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முடிச்சும் போடவேண்டும். முடியாது என்று இப்போது சொன்னால்? இப்போது, இந்த நிமிஷம், ஐயரிடம் போய், சாமி, என் கை வேலை செய்யவில்லை என்று சொன்னால்? கால் நகரவில்லை. பெரியம்மா மூச்சு வாங்க மணவறைப் படி ஏறினாள்.

“கெட்டிமேளம், கெட்டிமேளம்!” என்று ஐயர் விரலை ஆட்டினார். தவிலும் நாதஸ்வரமும் ஒரே இடியாக இறங்கின, மேடைப் பலகை அதிர்ந்தது. அட்சதை முகத்தில் வந்து விழுந்தது. கதிரேசன் எழுந்து, குனிந்து, கயிற்றைப் பெண்ணின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து முதல் முடிச்சைப் போட்டான். ஷூக்கயிற்றுக்கு அவள் சொல்லிக்கொடுத்த அதே முடிச்சு, அதே மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு. நுனிகளை அவளிடம் கொடுத்தான். அவள் வாங்கினாள். வாங்கியது கண்ணுக்குத்தான் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை. சடையை முழங்கையால் ஒதுக்கிக்கொண்டு, மல்லிகைக்கு நடுவே கிடைத்த சந்தில் பார்த்துப் பார்த்து ஒரு சுற்று, நுனியை உள்ளே, இழு. இரண்டாவது முடிச்சு விழுந்தது. விழுந்துவிட்டது! அப்பாடா என்று நினைத்தாள், அதற்குள் ஓமப்புகை கண்ணில் ஏறியது. மூன்றாவதற்குக் கயிறு எங்கே? இடது நுனி இருக்கிறதா, நழுவிவிட்டதா? கட்டைவிரலை அழுத்தினாள், எதை அழுத்துகிறாள் என்று தெரியவில்லை. வகுப்பில் அவளே சொல்லியிருக்கிறாள், கெட்டிமேளம் எதற்கு என்றால், தாலி ஏறுகிற நேரத்தில் யாராவது தும்மினாலும் அழுதாலும் ஆகாத ஒரு சொல்லைச் சொன்னாலும் யார் காதிலும் விழக்கூடாது, அதற்காக. அது இப்போது ஞாபகம் வந்தது. யார் காதிலும் விழாது. வாயைத் திறந்தாள். கரகரத்துப்போன அந்தக் குரலில், உள்ளே இருந்த அத்தனையையும் சேர்த்து, “முடியலடா கதிரு, எனக்கு முடியல!” என்று கத்தினாள்.

கதிரேசன் நிமிர்ந்து பார்த்தான். குரல் அவனுக்குக் கேட்டிருக்காது, உதடு அசைந்தது தெரிந்திருக்கும். ஓமப்புகையில் சிவந்த கண்ணோடு, நெற்றியில் வழிகிற வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, பளிச்சென்று சிரித்தான். அவள் காதுப் பக்கம் குனிந்து, “எனக்குந்தாங்க்கா! சுத்தமா முடியல!” என்று கத்தினான். போட்டோக்காரர் துள்ளிக் குதித்தார். “அக்கா சூப்பர், அக்கா அப்பிடியே சிரிங்க, கைய எடுக்காதீங்க!” அவள் சிரித்தாள். வேறு என்ன செய்வாள்? விளக்கு மூன்று முறை மின்னியது. கயிற்றின் நுனிகளை எப்படியோ ஒன்றுக்குள் ஒன்று திணித்துவிட்டுச் சடையை மேலே இறக்கிவிட்டாள். பூ எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. மேளம் நின்றது. நின்றதும் ஒரு அமைதி, அந்த அமைதியில் அம்மா தூணுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, முடிஞ்சிதா என்று சைகையில் கேட்டாள். செண்பகவல்லி முடிஞ்சிருச்சு என்று தலையாட்டினாள். அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். அம்மா அழுவதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்தப் போட்டோவைப் பெரிதாக்கி அம்மா வீட்டு முன்னறையில் மாட்டுவார்கள். பார்க்கிறவர்கள் எல்லாரும், அக்காளுக்கு என்ன சிரிப்புப் பாரு என்பார்கள்.

கும்பல் கலைந்து மேடைக்கு ஏறியது. பெரியம்மா மறுபடியும் காபியோடு வந்துவிட்டாள், “விரதம் முடிஞ்சிதுல்லா, இப்ப குடி தாயி” என்றாள். ஒரு மணி நேரம் எப்போதோ ஆகிவிட்டிருந்தது. தம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள், சூடு முதலில் வெகுதூரத்தில் இருந்தது, பிறகு கொஞ்சம் கிட்டே வந்தது. ஒரு வாய் குடிப்பதற்குள், “மதினி, ஆசீர்வாதம் பண்ணுங்க” என்று சுபாஷினி வந்து நின்றாள், கதிரேசனை யாரோ போட்டோவுக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். தம்ளரை நாற்காலியில் வைப்பதற்குள் அந்தப் பெண் குனிந்து காலைத் தொட்டுவிட்டது. குனிந்ததும் சடை ஒரு பக்கமாகச் சரிந்தது. பின்கழுத்து தெரிந்தது. வியர்வையில் ஒட்டின மஞ்சள் கயிறு, கதிரேசனின் முடிச்சு, அதன் பக்கத்தில் இவளுடைய ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஒரு வளையம், திறந்தபடி. செண்பகவல்லி சட்டென்று குனிந்து, பூவைச் சரி செய்கிற மாதிரி, இரண்டு கையையும் அந்தக் கழுத்தில் வைத்தாள். யாரும் பார்க்கவில்லை. ஒரு சுற்று, நுனியை உள்ளே, இழு. நுனி வழுக்கியது. மறுபடியும். மறுபடியும் வழுக்கியது. “நல்லா இருக்கணும்மா, நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்” என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. குனிந்த தலையை நிமிர்த்தாமல் அந்தப் பெண் பொறுமையாகக் காத்திருந்தது. பிறகு ஒரு கையைப் பின்னால் கொண்டுவந்து இவள் விரல்களைத் தொட்டது. தொட்டுவிட்டு எடுக்கவில்லை. அதன் விரல்கள் கொதித்தன.

“மதினி, உங்க கை ஏன் இப்பிடி ஜில்லுன்னு இருக்கு? உடம்புக்கு என்ன செய்யுது?” என்று தணிந்த குரலில் கேட்டது.

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. தொட்டுப் பார்த்துக் கேட்ட கேள்வி. சொல்லவேண்டிய வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது, வந்து நின்றது. அதைச் சொன்னால் இந்தப் பெண்ணும் சிரித்துவிட்டால்? தூணுக்குப் பின்னால் அம்மா இன்னும் கும்பிட்ட கையை இறக்கவில்லை.

“ஒண்ணுமில்லம்மா,” என்றாள். “ஏசி ஒத்துக்கல.”

சுபாஷினி மெல்ல நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். மூக்கு நுனியிலும் மேலுதட்டிலும் வியர்வை முத்து முத்தாக நின்றது. அந்த மண்டபத்தில் ஏசியே கிடையாது.